வாசனைப் பினாயிலுக்கு மாற்று: எந்த அழுக்குக்கு எது

கேட்டது இது: ஐந்து வயதுக் குழந்தைக்கு வீசிங். தரை துடைத்த நாளில் இருமல் கூடுகிறது. சென்னை வீடு, போர் தண்ணீர். ஹாலில் மொசைக், சமையலறை மேடையில் கடப்பா கல், பாத்ரூமில் டைல்ஸ். வாசனைத் திரவங்களை நிறுத்திவிட்டு இயற்கையாக எதைக் கொண்டு துடைக்கலாம்?

முதலில் ஒரு எச்சரிக்கை. பலரும் செய்வது, செயற்கை எலுமிச்சை மணம் போட்ட பாட்டிலை எடுத்துவிட்டு, எலுமிச்சை எண்ணெயோ யூகலிப்டஸ் தைலமோ கலந்த 'இயற்கை' பாட்டிலை வைப்பது. இதனால் குழந்தைக்கு அநேகமாக எந்த லாபமும் இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் மணக்கிற லிமோனீன்தான் கடைத் திரவத்திலும் மணக்கிறது; மூலக்கூறு ஒன்றேதான். அது காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்கும். தோலிலிருந்து வந்த லிமோனீன் என்பதற்காக ஓசோன் அதை விட்டுவைக்காது. வெள்ளைப் பினாயிலில் மணப்பதுகூடப் பைன் மரத்து எண்ணெய்தான். உங்கள் வீட்டுக்குத் தேவை வேறொரு வாசனை அல்ல, வாசனையே இல்லாத சுத்தம். சுத்தமான தரைக்கு மணம் கிடையாது. அதற்குப் பழக இரண்டு வாரம் பிடிக்கும்.

வாசனையை மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது. பல தரைத் திரவங்களில் கிருமிநாசினியாக பென்சால்கோனியம் குளோரைடு இருக்கும். நுரையீரல் தாங்காதவர்களுக்கு இழுப்பைத் தூண்டக்கூடியது என்று அறியப்பட்ட பொருள் அது. ஆகவே வாசனையற்றது என்று எழுதிய பாட்டிலாக இருந்தாலும் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வாங்க வேண்டியவை நான்குதான்: பூந்திக்கொட்டை, வாஷிங் சோடா, சமையல் சோடா, சிட்ரிக் ஆசிட். முதலாவது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், மற்றவை மளிகைக் கடையில். 'சோடா உப்பு' என்று மட்டும் கேட்டால் ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடாவைத்தான் தருவார்கள். வாஷிங் சோடா வேறு, அதைவிடப் பல மடங்கு காரமானது (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்), வாயில் படக்கூடாதது. சிட்ரிக் ஆசிட் சில கடைகளில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் இருக்கும்.

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு எதை எங்கே போடுவது என்பது அழுக்கைப் பொறுத்தது. எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம் வேண்டும். போர் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளை உப்புக்கறைக்கும் உலோகக் களிம்புக்கும் புளிப்பு, அதாவது அமிலம், வேண்டும். தூசிக்கும் கால் தடத்துக்கும் கொஞ்சம் நுரைக்கிற தண்ணீர் போதும். சாம்பலும் புளியும் வைத்துப் பாத்திரம் துலக்கியவர்கள் செய்தது இதைத்தான்: விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம், புளியில் டார்டாரிக் அமிலம். பிசுக்குக்கு ஒன்று, களிம்புக்கு மற்றொன்று.

இது புரிந்துவிட்டால், வீடியோக்களில் ஓயாமல் காட்டுகிற சமையல் சோடாவும் வினிகரும் கலந்த கலவை ஏன் வீண் என்பதும் புரியும். காரமும் அமிலமும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். பொங்கி வருவது வெறும் கரியமில வாயு. பொங்கி அடங்கிய பின் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர், அதற்குப் பிசுக்கும் போகாது, உப்பும் கரையாது. பொங்கி அடங்கும் முன் மூடி போட்ட பாட்டிலில் அடைத்தால் வாயு முட்டி வெடிக்கலாம். இரண்டும் தேவைப்படுகிற இடத்தில் ஒன்றை முடித்து, கழுவி, பிறகு மற்றதைப் போடுங்கள்.

இனி உங்கள் தரை. மொசைக் என்பது சிமென்டில் பதித்த சலவைக்கல் சில்லுகள். கடப்பா கல் கறுப்பாக இருந்தாலும் சுண்ணாம்புக்கல் வகைதான். இரண்டையும் எந்தப் புளிப்பும் அரிக்கும். வினிகர், எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் ஆசிட், புளிக்க வைத்த பழத்தோல் தண்ணீர் எதுவானாலும் பளபளப்பு போய், வெளுத்த திட்டு விழும். அப்புறம் பாலிஷ் போடும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். ஆத்தங்குடிக் கல் போட்ட வீட்டுக்கும் இதே விதி, ஏனென்றால் அதுவும் சிமென்ட். கிரானைட்டும் மெருகிட்ட டைல்ஸும் தாங்கும், ஆனால் டைல்ஸ் இடைவெளியில் பூசியிருப்பதும் பெரும்பாலும் சிமென்ட்தான். சந்தேகமான கல் என்றால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நுரைத்தாலோ மங்கினாலோ அங்கே புளிப்பு வேண்டாம்.

ஆக ஹாலுக்குப் பூந்திக்கொட்டைதான். அதன் தோட்டில் உள்ள சப்போனின் இயற்கையான நுரைப்பொருள். சாதாரணச் சோப்பு உப்புத் தண்ணீரில் திரிந்து பிசுபிசுப்பான வெள்ளைப் படிவாக ஒட்டும். சப்போனின் அப்படித் திரியாது. போர் தண்ணீர் வீட்டுக்கு இது பெரிய வசதி.

கொட்டை நீக்கிய தோடு 100 கிராம் எடுங்கள். கொட்டையோடு வாங்கினால் எடையில் ஏறக்குறைய பாதி உள்ளே இருக்கும் கறுப்பு விதைக்கே போய்விடும். அதில் நுரை கிடையாது. 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் அதே தண்ணீரோடு சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், பால் மாதிரி பொங்கி அடுப்பை அணைத்துவிடும். ஆறியதும் கையால் நன்றாகக் கசக்கிப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் முக்கால் லிட்டர் அளவுக்குச் சாறு வரும். சக்கையை அரை லிட்டர் தண்ணீரில் இன்னொரு முறை கொதிக்க வைத்தால் பாத்ரூம் தரைக்கு ஆகும் அளவில் நீர்த்த சாறு கிடைக்கும்.

இதில் பெரும்பாலானவர்கள் தோற்பது சேமிப்பில். வெளியே வைத்தால் சென்னை வெயிலில் இரண்டே நாளில் புளித்து நாறும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். சிட்ரிக் ஆசிட் ஒரு டீஸ்பூன் போட்டால் இன்னும் சில நாள் நீடிக்கும்தான், ஆனால் மொசைக் வீட்டில் அந்தப் பழக்கமே வேண்டாம். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, வேண்டியபோது இரண்டு மூன்று கட்டிகளை வாளியில் போட்டுக்கொள்வதுதான் சுலபம்.

துடைக்க: 5 லிட்டர் தண்ணீருக்குச் சாறு 50 மில்லி. முதலில் பெருக்க வேண்டும். தூசியின் மேல் ஈரத் துணியைப் போட்டால் சேறுதான் பரவும். துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள், தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். நுரை குறைவாக இருக்கிறதே என்று சாற்றைக் கூட்டாதீர்கள். அதிகமானால் தரையில் மெல்லிய படலம் தங்கி, காலில் ஒட்டும், மறுநாளே அழுக்கும் பிடிக்கும். கடைத் திரவத்தை மூடி மூடியாக ஊற்றுகிற வீடுகளில் தரை பிசுபிசுப்பதற்கும் காரணம் இதுவே.

துடைத்த பிறகு அறை நாறினால் நாறுவது தரையாக இருக்காது, மாப்பாக இருக்கும். ஈரமாகவே வாளியில் குத்தி வைத்த மாப்பு ஒரே இரவில் முடைநாற்றம் பிடிக்கும். அதை மறைக்கத்தான் பாதி வீடுகளில் வாசனைத் திரவம் ஓடுகிறது. பருத்தித் துணியை வாஷிங் சோடா ஒரு டீஸ்பூன் போட்ட வெந்நீரில் அரை மணி ஊறவைத்து அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காய விடுங்கள்.

பூந்திக்கொட்டைச் சாறு கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், குழந்தை பக்கத்தில் இருக்கும்போது கசக்க வேண்டாம். மீன் தொட்டியிலோ தாமரைத் தொட்டியிலோ விழக்கூடாது, சப்போனின் மீனுக்கு விஷம். பட்டுப் புடவைக்கும் நகைக்கும் இது அருமை. வெள்ளைத் துணிக்கு மட்டும் பழுப்பேறலாம்.

சமையலறைக்கு வருவோம். அங்கே பூந்திக்கொட்டை தடுமாறும். தாளிப்பு எண்ணெய் மாதக்கணக்கில் படிந்து பிசினாகிப் போன இடத்தில் நுரைக்கு வேலை இல்லை, காரம் வேண்டும். தரைக்கு 5 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் வாஷிங் சோடா ஒரு மேசைக்கரண்டி. அலமாரிக் கதவு, சுவர் டைல்ஸ் போன்றவற்றுக்கு 1 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. தடவி 5 நிமிடம் விட்டுத் தேய்த்து எடுங்கள். இரண்டுக்கும் பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்தாக வேண்டும், இல்லையென்றால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். கையுறை போடுங்கள். பொடியைத் தூவும்போது பறக்கிற தூசியும் மூச்சை உறுத்தும் என்பதால் தண்ணீரில் மெதுவாகக் கொட்டிக் கரையுங்கள்.

வாஷிங் சோடா அலுமினியத்தைக் கறுக்கடித்து அரிக்கும். சிம்னி வடிகட்டியைக் கழற்றியதும் இதில் முக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது எவர்சில்வர் என்றால் சரி, வலைவலையாக இருக்கும் அலுமினியம் என்றால் ஒரே நாளில் கெட்டுவிடும். அலுமினியத்துக்குப் பூந்திக்கொட்டைச் சாறும் வெந்நீரும் பொறுமையும்தான். ஏற்கெனவே உட்புறம் கறுத்துப்போன அலுமினிய இட்லிப் பானையில் எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் கறுப்பு போகும்.

அடுப்புத் தட்டில் கருகிப் பிடித்த பாலுக்குச் சமையல் சோடா மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு குழைத்துப் பூசி 20 நிமிடம் வைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் போதும். சோடாத் துகள் மென்மையானது, எவர்சில்வரைக் கீறாது. உமிச் சாம்பல் சிலிக்கா, அது கீறும்.

பித்தளைக் குத்துவிளக்கில் வரிசை தவறினால் அரை நாள் தேய்த்தாலும் பலன் இருக்காது. அதன்மேல் இரண்டு அடுக்கு: மேலே எண்ணெய்ப் பிசின், கீழே களிம்பு. பிசின் இருக்கும்வரை புளி உலோகத்தைத் தொடவே தொடாது. முதலில் விளக்கைப் பகுதி பகுதியாகக் கழற்றி, 2 லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா போட்டு அரை மணி ஊறவைத்துப் பிசினைத் துலக்கி எடுங்கள். கழுவிய பிறகு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஒரு டீஸ்பூன் கல் உப்புச் சேர்த்துத் தேயுங்கள். உப்பு களிம்பு கரைவதை வேகப்படுத்தும். இரண்டு மூன்று நிமிடத்தில் மஞ்சள் பளிச்சென்று வந்ததும் கழுவி, உடனே துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். புளியிலேயே ஊறப்போட்டு மறந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். அது போகாது.

சிங்க் மெதுவாக இறங்கினால் அடைத்திருப்பது எண்ணெய்க் கொழுப்பு. வாஷிங் சோடா 100 கிராமை 2 லிட்டர் சூடான நீரில் கரைத்து ஊற்றிக் கால் மணி கழித்து நிறைய தண்ணீர் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிவிசி குழாய் இளகும்.

பாத்ரூமில் சிட்ரிக் ஆசிட்தான் ராஜா. வினிகரைவிட இது ஏன் மேல் என்பதற்கு ஒரு கணக்கு: 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைக்கிற உப்புக்கறையைக் கரைக்க 5 சதவீத வினிகர் கிட்டத்தட்ட 2 லிட்டர் வேண்டும். வினிகரின் நெடி வீசிங் குழந்தைக்கு ஆகாது, சிட்ரிக் ஆசிடுக்கு நெடியே கிடையாது. 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் வெள்ளை படிந்த இடத்தைச் சுற்றி அதில் நனைத்த துணியைக் கட்டி 15 நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அரை மணிக்கு மேல் போனால் குரோம் பூச்சு மங்கலாம். ஷவர் தலையைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் முக்கி வைக்கலாம். கரைசலை அடுப்பில் கொதிக்க வைக்காதீர்கள். சூடு அதிகமானால் கால்சியம் சிட்ரேட் கரையாமல் திரும்பப் படியும், வெதுவெதுப்பே போதும். டைல்ஸ் சுவருக்கு முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றி இடைவெளிச் சிமென்டை நனைத்துவிடுங்கள், அது புளிப்பை அதிகம் உறிஞ்சாது. பிறகு தெளித்து 5 நிமிடத்தில் கழுவிவிட வேண்டும்.

டாய்லெட் பேசினில் மஞ்சளாகப் படிவது சிறுநீர் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த கறை. பிரஷ்ஷால் தண்ணீரை உள்ளே தள்ளி மட்டத்தைக் குறைத்து, 100 கிராம் சிட்ரிக் ஆசிடைக் கறையின் மேல் தூவி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தேய்த்துத் தண்ணீர் விட்டால் போய்விடும். வருடக்கணக்கான கறை என்றால் இரண்டு மூன்று இரவு பிடிக்கும். தண்ணீரைக் குறைக்காமல் போட்டால் அமிலம் நீர்த்துப் பாதி வேலைதான் நடக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பாத்ரூம் நாறினால் தரையில் இருக்கும் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே ட்ராப்பில் வழக்கமாக 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்; சாக்கடை வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். யாரும் புழங்காத விருந்தாளி பாத்ரூமில் வெயில் காலத்தில் அது வற்றிவிடும், நாற்றம் நேராக வீட்டுக்குள் வரும். அங்கே எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் இரண்டு நாள்தான். உண்மையில் அந்த இரண்டு நாளும் வேலை செய்தது பினாயிலோடு ஊற்றிய தண்ணீர். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் விடுங்கள். ஊருக்குப் போகும்போது ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் விட்டால் மேலே படலமாக நின்று வற்றுவதைத் தாமதப்படுத்தும். புழங்குகிற பாத்ரூம் என்றால் ஜாலிக்கடியில் முடியும் சோப்புப் பிசினும் சேர்ந்து அழுகியிருக்கும். கையுறையோடு அள்ளி எறிந்துவிட்டு வாஷிங் சோடா வெந்நீர் ஊற்றுங்கள்.

பழத்தோல் பயோ என்சைம் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். வெல்லம் 100 கிராம், பழத்தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர், மூன்று மாதம். கிடைப்பது பெரும்பாலும் நீர்த்த வினிகர், கொஞ்சம் மிச்ச இனிப்பு, கொஞ்சம் தோல் எண்ணெய். தோல் வீணாகாமல் பயன்படுகிறது என்ற அளவில் நல்லதுதான், ஆனால் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது: புளிப்பு மொசைக்குக்கும் கடப்பாவுக்கும் ஆகாது, தோல் எண்ணெயின் மணம் குழந்தைக்கு ஆகாது. இன்னொரு வீட்டில் டைல்ஸ் தரைக்குச் செய்வதானால் பிளாஸ்டிக் பாட்டிலில் கால் பாகம் காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். கண்ணாடிப் பாட்டில் வெடித்தால் சில்லு பறக்கும். மேலே வெள்ளை ஏடு கட்டுவது பரவாயில்லை, கறுப்புப் பூஞ்சை வந்தால் கொட்டிவிடுங்கள். சீக்கிரம் எடுத்தால் இனிப்பு மிஞ்சி எறும்பு வரும்.

துணிக்கு ஊற்றும் வாசனை மென்மையாக்கியையும் நிறுத்துங்கள். அது நூலின் மேல் பூச்சாகப் படிந்து துண்டு ஈரம் உறிஞ்சுவதைக் கெடுப்பதோடு, குழந்தையின் தலையணை உறையில் இரவு முழுக்க மணந்துகொண்டிருக்கும். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டால் சோப்புக் காரம் போய்த் துணி மெத்தென்று ஆகும். பீரோவில் அந்துருண்டை இருந்தால் அதுவும் வெளியே. நாப்தலீன் உருண்டையின் ஆவி மூச்சுக்கு நல்லதல்ல. ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். துணியைத் துவைத்து வெயிலில் காட்டி முற்றிலும் உலர்ந்தபின் வைத்தாலே பூச்சித் தொல்லை குறையும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போடலாம், அவை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம். கற்பூரம் வேண்டவே வேண்டாம். குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரும். சாம்பிராணியும் ஊதுவத்தியும் எவ்வளவு இயற்கையானாலும் புகைதான், அதன் நுண்துகள் இந்தக் குழந்தைக்குப் பினாயில் வாசனையைவிடக் கெடுதல் செய்யும்.

மேலே சொன்ன எதுவும் கிருமிநாசினி அல்ல. அன்றாடம் அது தேவையும் இல்லை. அழுக்கோடு கிருமியும் கழுவிப் போகும். வீட்டில் ஒருவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் மட்டும் பிளீச்சிங் பவுடர் வேண்டும். 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 10 கிராமை 3 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்தால் 0.1 சதவீதக் கரைசல். முதலில் அசுத்தத்தை அள்ளி, சோப்பு நீரால் துடைத்த பிறகே இதைப் போடுங்கள், அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கரையுங்கள். சிட்ரிக் ஆசிட், வினிகர், டாய்லெட் ஆசிட் இவற்றில் எதோடும் பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது. நச்சுக் குளோரின் வாயு கிளம்பும், சிறிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. இரவு சிட்ரிக் ஆசிட் போட்ட பேசின் என்றால் இரண்டு முறை தண்ணீர் விட்ட பிறகுதான் பிளீச்சிங்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், முதல் இரண்டு வாரம் தரைத் திரவத்தையும் துணி வாசனையையும் மட்டும் நிறுத்திப் பாருங்கள். இருமல் எந்த நாளில், எந்த நேரத்தில் என்று குறித்து வைத்தால் மருத்துவருக்கும் உதவும். அவர் கொடுத்த இன்ஹேலரை அவர் சொல்லாமல் குறைக்காதீர்கள். இன்னொன்று: சிட்ரிக் ஆசிட் சர்க்கரை மாதிரியும் வாஷிங் சோடா உப்பு மாதிரியும் இருக்கும். மசாலா அலமாரியில் வேண்டாம், மூடி இறுகிய டப்பாவில் பெயர் எழுதி, குழந்தைக்கு எட்டாத பரணில் வையுங்கள்.